நடுவில் வந்த பந்து

"அந்தப் பந்து யாரோடதும்மா?" என்று கேட்டார் வேதமுத்து.

கிளப் கோச் செலின் டென்னிஸ் வலையின் நடுப்பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்தப் பந்து அண்ணாச்சி?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அவளுக்குத் தெரியும். தூத்துக்குடியில் டென்னிஸ் மட்டை பிடித்த அத்தனை பேருக்கும் தெரியும். மட்டை பிடிக்காதவர்களுக்கும் பாதிப் பேருக்குத் தெரியும். ஊர் என்றால் அப்படித்தான்.

செலின் முடிச்சைப் போட்டு முடித்தாள். கொட்டகைக்குப் போய்ப் பந்து மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கீழே இரண்டு சக்கரம், மேலே ஒரு கூடை, முன்னால் பந்தைத் துப்ப ஒரு வாய். பிள்ளைகள் அதற்குப் பீரங்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். புதிதாக மட்டை பிடிக்கிற சின்னப் பிள்ளையும் அதன் முன்னால்தான் நிற்கும், மாநிலப் போட்டிக்குப் போகிறவனும் அதன் முன்னால்தான் நிற்பான். வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

கூடையில் அறுபது பந்து கொட்டினாள். மெஷினின் வாயை நேர் நடுவுக்குத் திருப்பினாள்.

"நில்லுங்க" என்றாள்.

வேதமுத்து எதிர்ப்பக்கம் போய் நின்றார். முழுக் கோர்ட்டும் காலியாகக் கிடந்தது. ஆனாலும் அவர் கால் இடது பாதிக்குத்தான் போயிற்று. இருபத்திரண்டு வருஷம் நின்ற இடம்.

முதல் பந்து நடுவில் வந்தது. மெதுவான பந்து. ஒரு குழந்தைகூட அடிக்கும்.

அவர் அடிக்கவில்லை.

இரண்டாவது பந்து, மூன்றாவது பந்து. அவர் மட்டையைத் தூக்கவே இல்லை. தூக்க மாட்டேன் என்று வீம்பு ஒன்றும் இல்லை, கை வரவில்லை. அறுபதும் அவரைத் தாண்டிப் போய்ப் பின்னால் வலைவேலியில் மோதி விழுந்தன.

மெஷின் வெறும் வாயோடு உறுமிக்கொண்டு நின்றது. செலின் அதை அணைத்தாள்.

"பொறுக்குங்க" என்றாள்.

ஐம்பத்தேழு வயது மனிதர் குனிந்து அறுபது பந்தையும் பொறுக்கினார்.

"கேட்டதுக்குப் பதிலே சொல்லலியே."

"நாளைக்கு வாங்க."

*

நடந்தது இதுதான்.

வேதமுத்து அச்சகம் வைத்திருந்தார். சங்கரலிங்கம் மருந்துக்கடை வைத்திருந்தார். இருவரும் இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. வேதமுத்து இடது பாதி, லிங்கம் வலது பாதி. வேதமுத்துவுக்கு வலக்கை. லிங்கத்துக்கு இடக்கை. அதனால் இரண்டு பேருடைய பலமான கையும் நடுவில்தான் இருக்கும். நடுவில் ஒரு பந்தை அடித்து அவர்களைத் தாண்டிவிட மாவட்டத்தில் ஆள் கிடையாது.

நடுவில் வரும் பந்து யாருடையது என்று அவர்கள் பேசி வைத்துக்கொண்டதே இல்லை. லிங்கம் "முத்து" என்று ஒரு குரல் கொடுப்பார். வேதமுத்து அடிப்பார். குரல் வராவிட்டால் லிங்கம் அடித்திருப்பார். அவ்வளவுதான் அவர்கள் சட்டம்.

கிளப்பின் பெரிய போட்டி வருஷா வருஷம் சித்திரை முதல் நாள் முடியும். சாயங்காலம் நாலரைக்கு இறுதி ஆட்டம். இந்த ஜோடி பதினோரு தடவை கோப்பை வாங்கியிருக்கிறது.

இந்த வருஷமும் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் தேநீர் குடிக்கும்போது வேதமுத்து சொன்னார்:

"ஓய், இன்னிக்காவது சும்மா சும்மா என் பேரை ஏலம் போடாதேரும். கவனம் கெடுது."

லிங்கம் சிரித்தார். "சரி வே. வாயைத் தொறக்கல" என்றார். அந்தப் பழைய வெள்ளைத் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டார். அந்தத் தொப்பிக்காகவும் வேதமுத்து அவரை வருஷக்கணக்காகக் கேலி செய்திருக்கிறார். நாடகத்தில் வருகிற சிப்பாய் மாதிரி இருக்கிறது என்பார்.

ஆட்டம் ஐந்தேகால் மணிக்கு முடிவுக்கு வந்தது. ஒரு புள்ளி போனால் தோல்வி. பந்து நடுவில் வந்தது. மெதுவான பந்து.

லிங்கம் வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

குரல் வராததால் லிங்கம் அடிப்பார் என்று வேதமுத்து விட்டார். லிங்கமும் அடிக்கவில்லை. பந்து இரண்டு பேருக்கும் நடுவில் கோட்டின்மேல் விழுந்து, போய்விட்டது.

வேதமுத்து மட்டையைத் தரையில் வீசினார். சுற்றிலும் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"கண்ணு அவிஞ்சா போச்சு உமக்கு? அது உம்ம பந்து வே."

லிங்கம் போய் அந்த மட்டையை எடுத்தார். ஒட்டியிருந்த செம்மண்ணைச் சட்டையில் துடைத்தார். வேதமுத்து கையில் கொடுத்தார். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நாளைக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று வேதமுத்து நினைத்தார். மறுநாள், அவரே வரட்டுமே என்று நினைத்தார்.

மூன்றாம் நாள் காலையில் லிங்கம் போய்விட்டார். ஊருக்கெல்லாம் நெஞ்சுவலி மாத்திரை எடுத்துக் கொடுத்த மனுஷன், கடை ஷட்டரைப் பாதி தூக்கியபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

*

வேதமுத்து துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்குக் கிளம்பினார். தெருமுனை வரைக்கும் போனார். அதற்குமேல் கால் நகரவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேறொரு அச்சகத்தில் அடித்தார்கள். ஊரில் யார் செத்தாலும் வேதமுத்து அச்சகத்தில்தான் அடிப்பது வழக்கம். லிங்கத்தின் படத்தைக் கணினித் திரையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "என்னால முடியல, வேற இடம் பாத்துக்கோங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு லிங்கத்தின் மனைவி கோமதி சொல்லி அனுப்பினாள். அவரோட மட்டையும் தொப்பியும் இங்கே கிடக்கு, அண்ணன் வந்து எடுத்துக்கிடட்டும்.

அண்ணன் போகவில்லை.

கோமதிக்கு அந்த ஐம்பது பேரில் ஒருத்தராவது சொல்லாமல் இருந்திருப்பார்களா? புருஷன் கடைசியாக ஊர் முன்னால் கேட்ட வார்த்தை என்ன என்று அவளுக்குத் தெரியும். அவள் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது? மருந்துக்கடை இருந்த தெரு வழியாகப் போனால் அச்சகம் நாலு நிமிஷம். வேதமுத்து சுற்றிக்கொண்டு இருபது நிமிஷம் நடந்தார்.

சோறு இறங்கவில்லை. தூக்கம் போயிற்று. மனைவி ரூபாவதி, "விதி வந்தா யாரு என்ன செய்ய முடியும்? உங்க தப்பு ஒண்ணுமில்ல" என்றாள். டாக்டர், "அடைப்பு பல வருஷமா இருந்திருக்கும் சார், நீங்க காரணம் இல்ல" என்றார். சபை குருவானவர் கையைப் பிடித்து ஜெபம் பண்ணினார்.

எல்லோரும் நல்லவர்கள்தான். ஒருத்தர்கூட அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

சாவுக்கு யார் காரணம் என்று அவர் கேட்கவே இல்லையே. அந்தப் பந்து யாருடையது என்றுதான் கேட்டார்.

அது லிங்கத்துடையது என்றால், தான் சொன்னது கடுமையாக இருந்தாலும் உண்மை. அதோடு எப்படியாவது காலத்தை ஓட்டிவிடலாம். அது தன்னுடையது என்றால், ஒரு குற்றமும் செய்யாத மனுஷனை ஐம்பது பேர் முன்னால் குருடன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த மனுஷன் இனி திரும்பி வரப்போவதில்லை.

இரண்டில் எது என்று தெரியாமல் மூணு மாசம் போனது. ஆடி பிறந்தது. அப்போதுதான் செலினிடம் வந்தார்.

ஏன் அவளிடம்? செலின் கொரைரா முப்பத்துமூன்று வயதுக்காரி. மாநில அளவில் ஆடி, தோள்பட்டை போய், கிளப்பில் கோச்சாக இருக்கிறவள். தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது, கழுத்தில் ஒரு விசில் உண்டு. பேசச் சொன்னால் காசு கேட்பாள் போலிருக்கும். ஆனால் சித்திரை முதல் நாள் அம்பயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். எல்லோருக்கும் மேலே இருந்து பார்த்தவள்.

*

மறுநாளும் மெஷின் நடுவில் போட்டது. மறுநாளும் அறுபதும் போயிற்று.

"பொறுக்குங்க."

ஐந்தாம் நாள் செலின் மெஷினின் வாயை மூலைக்குத் திருப்பினாள். வேகத்தையும் கூட்டினாள். வேதமுத்து ஓடினார். ஒன்று விடாமல் அடித்தார். சில பந்துகளை அடித்த அடியில் மெஷின் பக்கத்தில் செம்மண் தெறித்தது. கை இன்னும் செத்துவிடவில்லை என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

செலின் வாயை மறுபடியும் நடுவுக்குத் திருப்பினாள். வேகத்தைக் குறைத்தாள்.

கை கீழே தொங்கிவிட்டது.

"அடிங்க அண்ணாச்சி."

"வரலம்மா."

"ஏன்?"

"இது அவன் பந்தோன்னு தோணுது. அடிக்கப் போனா, என் பந்துன்னு ஆயிடும்."

கூடையில் மீதியிருந்த பந்தெல்லாம் போனபின் அவர் வழக்கம்போல எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டார். மூலையில் அடித்தவை, நடுவில் விட்டவை எல்லாம் கலந்து கிடந்த கூடையைச் செலின் அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல நீங்க விட்ட பந்து எது?"

வேதமுத்து கூடையைப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எல்லாவற்றிலும் செம்மண்.

"தெரியலை."

"எனக்கும் தெரியலை. நாளைக்கு வாங்க."

அவருக்கு இது பிடிக்கவில்லை. என்ன விளையாட்டு இது? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே போனார். மறுநாள் சாயங்காலம் நாலே முக்காலுக்கு வந்து நின்றார்.

*

பன்னிரண்டாம் நாள் பொறுமை போயிற்று. முப்பது பந்து தாண்டிப் போனதும் வேதமுத்து வலையைச் சுற்றி நடந்து வந்தார். மெஷினைக் காலால் ஒரு எத்து எத்தினார். அது அசைந்துவிட்டு, முப்பத்தொன்றாவது பந்தை அமைதியாகப் போட்டது.

"இந்த டப்பாவுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"பின்ன எதுக்கு என்னை இதுகிட்ட நிறுத்துத?"

"ஊர்ல இதுக்கு மட்டுந்தான் அண்ணாச்சி கதை தெரியாது. இது உங்களுக்கு ஆறுதல் சொல்லாது."

வேதமுத்து மெஷின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து அழுதார். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை இல்லை. குழாய் உடைந்த மாதிரி வந்தது. செலின் பக்கத்தில் நின்றாள். தட்டிக்கொடுக்கவில்லை.

"நீ அன்னைக்கு மேல உக்காந்திருந்த" என்றார். "நீ பாத்திருக்க. ஒரு வார்த்தை. அவனோடதா, என்னோடதா? சொல்லிட்டா நான் போயிடுதேன்."

"நான் சொன்னா அது என் வார்த்தை. நாளைக்கு உங்க மனசு அதையும் கேள்வி கேக்கும்."

"அப்போ எப்பத்தான் தெரியும்?"

செலின் மேற்கே பார்த்தாள். கோர்ட்டுக்கு அந்தப் பக்கம் வலது ஓரத்தில் ஐஸ் பேக்டரிக் கட்டடம். அதற்கு இடது பக்கம் கொஞ்சம் தள்ளி உயரமாகத் தண்ணீர்த் தொட்டி. டென்னிஸ் கோர்ட்டை மேற்குப் பார்க்கப் போடவே கூடாது. ஆனால் இந்தக் கிளப்புக்குக் கிடைத்த இடம் அப்படி, சுவர் போன போக்கில் போட்டுவிட்டார்கள். ஆடி மாசச் சூரியன் வடக்கே ஒதுங்கி, ஐந்து மணிக்கெல்லாம் ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. கோர்ட் முழுக்க நிழல்.

"ஆவணி பாதி வரட்டும்" என்றாள்.

"அதுக்கு இன்னும் எத்தனை நாள் கெடக்கு?"

"வந்துக்கிட்டே இருங்க."

"அதுவரைக்கும்?"

"பொறுக்குங்க."

*

அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாயங்காலம் வந்தார். நின்றார். விட்டார். பொறுக்கினார்.

ஒரு நாள் அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பதில் சங்கரலிங்கம் என்று கோத்துவிட்டார். கல்யாண வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். தன் செலவில் ஐந்நூறு பத்திரிகையையும் மறுபடி அடித்துக் கொடுத்தார்.

இன்னொரு நாள் கோமதியைத் தூரத்தில் பார்த்தார். காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. அவர் பக்கத்தில் இருந்த செருப்புக் கடைக்குள் நுழைந்து, வேண்டாத ஒரு ஜோடிச் செருப்பைக் காலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனபின் வெளியே வந்தார். கடைக்காரன் என்ன நினைத்தானோ.

அன்றிரவு ரூபாவதியிடம், "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்றார். அவள் தட்டை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அதற்குப் பிறகு கிளப்புக்கு அவர் போகிற நேரத்தில் அவளும் வாசல் வரைக்கும் வந்து, "போயிட்டு வாங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். வாங்க என்பதை அழுத்திச் சொன்னாள்.

ஆவணி பிறந்தது. சூரியன் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகர்ந்தது. சித்திரையில் போன வழியே திரும்பி வந்துகொண்டிருந்தது. வேதமுத்து அதைக் கவனிக்கவில்லை. செலின் தினமும் கவனித்தாள்.

*

ஆவணி பதின்மூன்று. நாலே முக்கால் மணி.

வேதமுத்து வழக்கம்போல இடது பாதிக்கு நடந்தார்.

"அங்கே இல்ல அண்ணாச்சி. இன்னைக்கு வலப்பக்கம் நில்லுங்க."

அவர் நின்றுவிட்டார்.

"அது லிங்கத்தோட இடம்."

"ஆமா."

"நான் அங்க நிக்க மாட்டேன்."

செலின் மெஷினின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் அவசரப்படுகிறவள் இல்லை. ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. வேதமுத்து இடது பாதியில் நின்றபடி வலது பாதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பத்தடியை அவர் ஆட்டத்தில் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. முதல் நாள் ஆட வந்தபோது அவர்தான் முந்திக்கொண்டு இடது பக்கம் போய் நின்றார். லிங்கம், "நீரு எங்க நிக்கீரோ அங்கனயே நில்லும் வே. நான் மத்த பக்கம் பாத்துக்கிடுதேன்" என்றார். அதோடு முடிந்தது இடப் பங்கீடு.

கடைசியில் நடந்தார். கோவிலுக்குள் செருப்போடு போகிறவர் மாதிரித் தயங்கித் தயங்கிப் போனார். வலது பாதியில் போய் நின்றார்.

மணி ஐந்து பத்து. செலின் மெஷினைப் போட்டாள்.

முதல் பந்து நடுவில் வந்தது. பார்த்தார். விட்டார். இரண்டாவதையும் விட்டார். இங்கே நின்றாலும் கை வரவில்லை.

எட்டாவது பந்தோ ஒன்பதாவதோ வரும்போது சூரியன் கீழிறங்கி, ஐஸ் பேக்டரிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருந்த சந்தில் வந்து நின்றது.

வேதமுத்துவுக்கு எதிரில் இருந்த எல்லாம் போயிற்று. வலை போயிற்று, மெஷின் போயிற்று, செலின் போனாள். வெள்ளையாக ஒரு வெளிச்சம் மட்டும் இருந்தது. கண்ணைச் சுருக்கினார். கையை நெற்றியில் வைத்தார்.

பந்து வருகிற சத்தம் கேட்டது. பந்து தெரியவில்லை.

தடுமாறி நடுப்பக்கம் ஒரு எட்டு வைத்தார். தோளில் வந்து அடித்தது.

"செலினு, கொஞ்சம் நிறுத்து. ஒண்ணும் தெரியல."

மெஷின் நிற்கவில்லை. அடுத்தது காதோரம் போயிற்று. அவர் முகத்தைத் திருப்பினார். வெயில் தாங்காமல் இடது பக்கம் திருப்பினார்.

அங்கே நிழல் இருந்தது.

தண்ணீர்த் தொட்டியின் நிழல். வலையைத் தாண்டி வந்து இடது பாதி முழுவதையும் மூடிக் கிடந்தது. நடுவில் கோடு போட்டதுபோல நின்றுவிட்டது. இந்தப் பக்கம் ஒரு சாண்கூட வரவில்லை. அந்த நிழலுக்குள் தரை குளுகுளுவென்று, ஒவ்வொரு கோடும் துலக்கமாகத் தெரிந்தது. அங்கே நிற்கிறவன் பந்தின் ரோமத்தைக்கூட எண்ணலாம்.

அவர் இருபத்திரண்டு வருஷமாக நின்ற இடம்.

சித்திரை முதல் நாளும் இதே சூரியன், இதே ஐந்தேகால் மணி. வருஷா வருஷம். பதினோரு கோப்பை.

அந்தத் தொப்பி. கண் வரைக்கும் இழுத்து விட்ட அந்தப் பழைய தொப்பி.

இன்னொரு பந்து கிளம்புகிற சத்தம் கேட்டது. எங்கே வருகிறது என்று தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாய் தானாகத் திறந்தது.

"லிங்கம்" என்று கூப்பிட்டார்.

பந்து நடுவில் விழுந்து, நிழல் பக்கமாகப் போய், வேலியில் மோதியது. அதை அடிக்க அங்கே ஆள் இல்லை.

*

கூடை காலியானதும் செலின் மெஷினை அணைத்தாள். கிளப்பில் வேறு சத்தம் இல்லை. ஐஸ் பேக்டரியில் கட்டிகளை உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

வேதமுத்து வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு நாள்கூட சொல்லலியே அவன்" என்றார். "இருபத்திரண்டு வருஷம். இடம் மாத்திக்கிடுவோம்னு ஒரு வார்த்தை."

செலின் காலிக் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"என் பேரைத்தான் கூப்பிட்டான். அதையும் நான் கூப்பிடாதேன்னேன்."

அவர் நிழல் விழுந்த இடது பாதியைப் பார்த்தார்.

"அது என் பந்து."

அவர் அவளையே பார்த்தார். ரூபாவதி சொல்வாளே, டாக்டர் சொன்னாரே, அந்த மாதிரி ஏதாவது சொல்வாள் என்று பயந்தார். சொல்ல மாட்டாளா என்று ஏங்கவும் செய்தார்.

"ஆமா அண்ணாச்சி" என்றாள் செலின். "உங்க பந்துதான்."

வேதமுத்துவின் கையிலிருந்து மட்டை நழுவிச் செம்மண்ணில் விழுந்தது. நாலரை மாசத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறார். அது இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு எங்கேயோ தெரிந்தும் இருந்தது.

செலின் வந்து குனிந்து மட்டையை எடுத்தாள். மண்ணைத் தன் சட்டையில் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் வாங்கிக்கொண்டார்.

"இதை வச்சிக்கிட்டு நான் இனி என்னம்மா செய்ய?"

சந்தில் இருந்த சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. செலின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கோமதி அக்கா ஆறு மணிக்கு விளக்கு ஏத்துவாவ. வீட்லதான் இருப்பாவ."

வேதமுத்து எப்போதும் செய்வதுபோல வேலியோரம் போனார். கீழே கிடந்த முதல் பந்துக்குக் குனிந்தார்.

"விடுங்க அண்ணாச்சி" என்றாள் செலின். "இன்னைக்கு நான் பொறுக்கிக்கிடுதேன்."